பயனாளர் பிரதிநிதி

கொழும்பு அன்புநெறி நலன்புரிப் பேரவை வெள்ளவத்தையில் கூடி, கொட்டாஞ்சேனைக்கு நன்மை செய்யும் ஓர் அமைப்பு. நன்மை செய்பவர்கள் கடற்காற்று வரும் மாடிவீடுகளில் இருந்தார்கள். நன்மை பெறுபவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஜிந்துப்பிட்டிச் சந்துகளில் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலே இரு தரப்பும் நல்ல உறவோடு இருந்து வந்தன. பேரவையின் ஆண்டு மலரைப் புரட்டினால் அந்த உறவு விளங்கும். முன்பக்கங்கள் முழுக்க நன்மை செய்தவர்களின் முகம். கடைசிப் பக்கத்தில் நன்மை பெற்றவர்களின் முதுகு.

பேரவைக்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் இலவச மருத்துவ நிலையம் உண்டு. பழைய கட்டடமொன்றின் கீழ்த்தளம். செவ்வாயும் சனியும் பின்னேரம் திறக்கும். டொக்டர் மஜீட் அரசாங்க ஆஸ்பத்திரி வேலையை முடித்துக்கொண்டு வந்து நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற எல்லாம் லோகேஸ்வரன். ஆளை உள்ளே அனுப்புவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, காயத்தைக் கழுவிக் கட்டுவது. முன்பு தனியார் ஆஸ்பத்திரியொன்றில் அட்டெண்டனாக இருந்தபோது படிந்த கைப்பழக்கம். புண்ணைக் கண்டு முகம் சுளிக்காதவன் என்று ஜிந்துப்பிட்டியில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அவனும் ஜிந்துப்பிட்டிக்காரன்தான்.

அங்கே வரிசை என்பது ஆட்களால் ஆனதில்லை. வருகிறவர்கள் தங்கள் பையை வாசற்படியிலிருந்து சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு, நிழல் கிடைத்த இடத்தில் போய்க் குந்திக்கொள்வார்கள். பைதான் வரிசையில் நிற்கும். முன் பைக்காரர் உள்ளே போனால் அடுத்த பைக்காரர் எழும்புவார். பை இல்லாதவர் குடையை வைப்பார், குடை இல்லாதவர் செருப்பை வைப்பார். புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்கும் நாட்டாமி அழகர் தலைச்சும்மாட்டை வைப்பார். வேலை முடிந்து வருவதால் அவருடைய சும்மாடு எப்போதும் கடைசியில்தான் கிடக்கும். அவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. வலது காலில் ஒரு புண். வாரத்தில் இரண்டு தடவை லோகேஸ்வரன் அதைக் கழுவிக் கட்டிவந்ததால் அது வளராமலும் ஆறாமலும் ஒரு சமாதானத்தில் இருந்தது.

இந்த நிலையில்தான் பேரவைத் தலைவர் கதிர்காமநாதன் ரொறன்ரோவுக்குப் போய் வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர். எந்தத் திணைக்களம் என்பதை மறந்தவர்கள்கூட உதவிப் பணிப்பாளர் என்பதை மறக்க அவர் விட்டதில்லை. ரொறன்ரோவில் மகன் ராகுலன் அவரைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனான். அங்கே சுவரில் ஒரு திரை. திரையில் அவருடைய இலக்கம் வந்தது. பெயரும் இல்லை, பதவியும் இல்லை, வெறும் இலக்கம். அப்படியிருந்தும் தனக்கு ஒரு மரியாதை கிடைத்ததாக அவர் உணர்ந்தார். இதைக் கொட்டாஞ்சேனை ஏழைகளுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று விமானத்திலேயே தீர்மானித்துவிட்டார். ராகுலனும் நண்பர்களும் இரண்டு பெரிய திரைகளை அனுப்பிவைத்தார்கள். அவை தலைவரின் வெள்ளவத்தை வீட்டு மண்டபத்தில், பெட்டி பிரிக்காமல், சந்தனப் பொட்டோடு நின்றன. அப்போது ராகுலன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, அதுக்கு என்ன ஒப்பரேற்றிங் சிஸ்டம் போடப் போறியள்?"

பேரவையில் எவருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே ஒரு குழு அமைக்கப்பட்டது.

தலைவர் கதிர்காமநாதன். செயலாளர் இரத்தினம்மா, ஓய்வுபெற்ற அதிபர். பொருளாளர் நமசிவாயம், ஓய்வுபெற்ற கணக்காளர். பயன்பெறும் மக்களிலிருந்தும் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது கனடாக்காரர்களின் நிபந்தனை. ஏழையாகவும் இருக்க வேண்டும், கதிரையில் உட்காரக் கூடியவராகவும் இருக்க வேண்டும். தேடிப் பார்த்ததில் லோகேஸ்வரன் ஒருவன்தான் இரண்டு தகுதியும் உள்ளவனாகத் தெரிந்தான்.

கூட்டம் சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு. அந்த நேரத்தை ஒருவரும் சும்மா வைக்கவில்லை. மூன்று பெரியவர்களின் பிள்ளைகளும் மூன்று நாட்டில் இருந்தார்கள். பிள்ளைகளைக் கேட்காமல் அவர்கள் ஒரு குக்கர்கூட வாங்குவதில்லை. ரொறன்ரோ எழும்பியிருக்க வேண்டும், மெல்பேர்ன் படுத்திருக்கக் கூடாது, லண்டன் சாப்பிடப் போயிருக்கக் கூடாது. இந்த மூன்றும் கூடிவரும் நேரம் உலகத்தில் அது ஒன்றுதான். மருத்துவ நிலையம் திறக்கும் நேரமும் அதுவாக இருந்தது ஒரு தற்செயல். அதைக் குழுவில் எவரும் கவனிக்கவில்லை. லோகேஸ்வரன் கவனித்தான், ஆனால் சொல்லவில்லை.

தேவாரத்துக்குப் பிறகு தலைவர் அவனை அறிமுகப்படுத்தினார்.

"தம்பி லோகேஸ்வரன், இண்டையில இருந்து நீர்தான் எங்கட பயனாளர் பிரதிநிதி. நோயாளியளின்ர குரல் நீர்தான். கூட்டம் முடியுமட்டும் அமைதியா இருக்கவேணும்."

நோயாளிகளின் குரல் அமைதியாக இருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டில் மரக்கறி ரோல்ஸ் வைக்கப்பட்டது. இரத்தினம்மா கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மேசையில் மூன்று தொலைபேசிகள் மூன்று ஜாம் போத்தல்களில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை.

ரொறன்ரோ முதலில் பேசியது. "லினக்ஸ் எண்டா ஒருத்தரின்ர தயவும் தேவையில்லை அங்கிள். நாங்களே எங்கட விருப்பத்துக்கு மாத்தலாம். எங்கட சனத்துக்கு இவ்வளவு காலமும் கிடைக்காதது அதுதான்."

லண்டனிலிருந்து நமசிவாயத்தின் மகன் சாரங்கன் தலையை ஆட்டினான். "அப்பிடி ஆளாளுக்கு மாத்த வெளிக்கிட்டா நாறிப்போகும். விண்டோஸைப் போடுங்கோ. எல்லாம் ஒரு இடத்தில இருந்து கொன்ட்ரோல் பண்ணலாம்."

"அதுக்குப் பேர் ஒற்றையாட்சி" என்றது ரொறன்ரோ.

"சனத்தின்ர கையில இருக்கிற போன் முழுக்க அன்ட்ரொயிட்தான்" என்றாள் மெல்பேர்னிலிருந்து ஹம்சிகா. இரத்தினம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ர மகள் சொல்லுறது மக்கள் தீர்ப்பு. பணிசெயல் முறைமையைத் தெரிவு செய்யேக்க மக்கள் தீர்ப்பைத் தள்ளிவைக்கேலாது." பணிசெயல் முறைமை என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒப்பரேற்றிங் சிஸ்டத்துக்கு இருக்கும் பெயர். அதிபராக இருந்தவர் என்பதால் அவர் வேறு பெயர் சொல்வதில்லை.

நமசிவாயம் ஒரேயொரு கேள்வி கேட்டார். எல்லாக் கூட்டத்திலும் அவர் கேட்கும் கேள்வி அதுதான். "பிழைச்சா ஆர் பொறுப்பு?"

கதிர்காமநாதன் கைகளைக் கோத்துக்கொண்டார். "மூண்டு தரப்பும் மேசைக்கு வந்திட்டினம். அதுவே பெரிய வெற்றி. மிச்சத்தைப் பேச்சுவார்த்தை மூலம் தீர்ப்பம்."

பேச்சுவார்த்தை விடயத்தில் எங்கள் ஆட்களுக்கு உள்ள அனுபவம் உலகத்தில் வேறு எவருக்கும் இல்லை. அதனால் அது உடனே தீர்ந்துவிடும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

லோகேஸ்வரனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மருத்துவ நிலையத்தில் இருப்பது ஒரு டொக்டர், ஒரு கதவு. திரையில் வரப்போவது ஓர் இலக்கம். அதற்குள் எது இருந்தால் என்ன? கேட்டுவிடலாம் என்று விரலைத் தூக்கினான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மூன்று நாடுகளும் பார்த்தன.

"சொல்லும் லோகேஸ்வரன், நீர் என்ன நினைக்கிறீர்?" என்றார் தலைவர்.

நீர் என்ன நினைக்கிறீர் என்று அவனை அதுவரை எவரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை, வீட்டில் மனைவி ரஜனிகூட முடிவெடுத்த பிறகுதான் சொல்வாள். அந்தக் கேள்வியின் சுகத்தில் அவனுக்குத் தன் கேள்வி மறந்துபோனது.

"ஐயாமார் சொல்றது சரிதாங்க" என்றான்.

"பாத்தியளே, மக்கள் எங்களோட நிக்கினம்" என்றார் தலைவர். இன்னொரு ரோல்ஸ் வந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது ரஜனி கதவடியில் நின்றாள். "எங்க போனீங்க? அழகரண்ணன் கிளினிக்ல ஒங்களக் காணாம இங்க வந்துட்டுப் போறாரு. கட்டு அவுந்து, காலெல்லாம் ஒரே தண்ணியா இருந்துச்சு."

"செவ்வாக்கெழம கட்டிறலாம்."

"ரெண்டு சந்து தள்ளித்தானே வூடு. போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

போயிருக்கலாம்தான். ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டான், காலைக் கழுவிவிட்டான். வெள்ளவத்தையில் கிடைத்த மரியாதை இன்னும் உடம்பில் ஒட்டியிருந்தது. அதோடு போய் ஒரு புண்ணுக்கு முன்னால் குந்த மனம் வரவில்லை. அந்த எண்ணம் வந்தவுடனே அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே படுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை தொழில்நுட்ப உபகுழு கூடியது. மெல்பேர்னில் ஏதோ விடுமுறை. ஹம்சிகாவுக்கு அன்றைக்குத்தான் நேரம் இருந்தது. பயனாளர் பிரதிநிதி இல்லாமல் உபகுழு கூடக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எங்களுக்கு ஜனநாயகம் முக்கியம். ஓட்டோ பிடிச்சாவது வாரும்."

அதன் பிறகு கலாசார உபகுழு வந்தது. திரையின் ஆரம்பத்தில் பிள்ளையார் வருவதா குத்துவிளக்கு வருவதா என்று அது ஆராய்ந்தது. பிறகு இரண்டு உபகுழுக்களுக்கும் இடையில் இணக்கம் ஏற்படுத்த ஓர் இணைப்புக் குழு. எல்லாவற்றிலும் லோகேஸ்வரன் இருந்தான். எல்லாவற்றிலும் ஐயாமார் சொல்றது சரிதாங்க என்றான். எல்லாவற்றிலும் சாப்பிட்டான்.

ஒரு நாள் டொக்டர் மஜீட் அவனைக் கூப்பிட்டார்.

"லோகேஸ், நான் எழுதிக் குடுக்குற குளிசை வயித்துக்குள்ள போகும். காலக் கட்டுறதுக்கு ஆள் வேணுமே. நீங்க எங்க போறீங்க?"

"மீட்டிங் டொக்டர்."

"என்ன மீட்டிங்?"

"டீவிக்குள்ள என்ன போடுறதுன்னு."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று லோகேஸ்வரனுக்குத் தோன்றியது.

இணைப்புக் குழு கள ஆய்வுக்கு வந்தது. குளிரூட்டிய வான் ஒன்றில், தண்ணீர்ப் போத்தல்களோடு, பேரவை முதன்முறையாகக் கொட்டாஞ்சேனையைப் பார்த்தது. இரத்தினம்மா வாசலில் இருந்த பைகளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இதென்ன குப்பை?"

"அதுதாங்க கியூ" என்றான் லோகேஸ்வரன்.

இரத்தினம்மா அவனை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு அங்கே குந்தியிருந்தவர்களைப் பார்த்து ஓர் உரை நிகழ்த்தினார். அதிபராக இருந்தவர்களுக்கு நாலு பேர் கீழே உட்கார்ந்திருந்தால் உரை தானாக வந்துவிடும்.

"பிள்ளையள், காத்திருக்கிறது ஒரு கலாசாரம். மெல்பேர்னில சனம் கியூவில நிக்கிற வடிவைப் பாக்கவேணும். அங்க நான் மூண்டு மணித்தியாலம் நிண்டனான், ஒரு சத்தமில்லை. உங்களுக்கும் அந்த அனுபவம் கிடைக்கவேணும் எண்டுதான் நாங்கள் பாடுபடுறம்."

இனிமேல் பை வைக்கக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. திரை வந்ததும் இலக்கம் வரும். வரும்வரை ஆட்கள் ஒழுங்காக நிற்க வேண்டும். குந்தியிருந்தவர்கள் எழும்பி நிற்க, வரிசையின் கடைசியில் நின்ற அழகரை நமசிவாயம் கவனித்தார். கால் பெருத்து, கட்டு பழுப்பாகியிருந்தது.

"இவர் நிண்டு விழுந்தா ஆர் பொறுப்பு?"

"அதுதான் சொல்லுறன், திரை எவ்வளவு அவசியம் எண்டு" என்றார் கதிர்காமநாதன். "வறிய சனத்துக்கு மருந்து பெரிய விசயமில்லை. மருந்து ஆரும் குடுக்கலாம். நாங்கள் குடுக்கிறது முறை."

திரை பொருத்துவதற்காக மருதானைக் கடையிலிருந்து பௌஸி என்ற விற்பனையாளரும் வந்திருந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எதப் போட்டாலும் நம்பர் வரும் சேர். சொன்னீங்கண்டா இண்டைக்கே பூட்டிட்டுப் போறன்" என்றார்.

"நீர் வியாபாரி. உமக்கு அப்பிடித்தான் தெரியும். நாங்கள் கொள்கை அடிப்படையில யோசிக்கிறம்" என்று தலைவர் அவரை அனுப்பிவைத்தார்.

விருந்தினர்களுக்குத் தேநீர் கொடுத்து முடிய இருட்டிவிட்டது. அன்றைக்கு ஒருவருக்கும் மருந்து கட்டவில்லை. அழகர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"செவ்வாக்கெழம வாங்கண்ணே. கட்டாயம் கட்டிறலாம்" என்றான் லோகேஸ்வரன்.

"ஆகட்டும் தம்பி. பெரிய ஆளுங்கல்லாம் வந்திருக்காங்க, நீங்க அவங்கள கவனிங்க" என்றார் அழகர்.

பை இல்லை, திரையும் இல்லை. நிற்க முடியாதவர்கள் குந்தினார்கள். குந்தியவர்களின் இடத்தில் மற்றவர்கள் நின்றார்கள். அடுத்தது யார் என்பதில் சண்டை வந்தது. அதுவரை ஒருவரையொருவர் அண்ணே அக்கா என்று கூப்பிட்டவர்கள் ஒருவர் சேலையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட பேரவை, திரையின் தேவை நாளுக்கு நாள் அதிகரித்து வருவதாகப் பதிவு செய்தது.

அடுத்த செவ்வாய்க்கும் கூட்டம் இருந்தது. அன்றைக்கு லோகேஸ்வரன் வாயைத் திறப்பது என்று முடிவெடுத்துக்கொண்டு போனான். பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்தான். ரோல்ஸ் தட்டைத் தள்ளிவைத்தான். தேவாரம் முடிந்ததும் எழும்பி நின்றான்.

"ஐயா, அழகர்னு ஒரு ஆளு. கால்ல புண்ணுங்க. நா இங்க வாறதால கட்டுறதுக்கு ஆளு இல்ல. கால் மோசமாயிக்கிட்டுப் போகுது."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அருமை" என்றார் கதிர்காமநாதன். "இதைத்தான் இவ்வளவு நாளும் எதிர்பார்த்தம். களத்தில இருந்து வாற உதாரணம்."

"அழகர் நல்ல பெயர்" என்றது ரொறன்ரோ. "நான் இதை வைச்சு ஒரு ஸ்லைட் செய்யிறன். அழகர் உள்ள வாறார், அழகர் இலக்கத்தைப் பாக்கிறார், அழகர் சந்தோசப்படுறார்."

"அழகருக்குக் கண் பார்வை எப்பிடி?" என்று கேட்டாள் ஹம்சிகா. "எழுத்து எவ்வளவு பெரிசா இருக்கவேணும்?"

அன்றைய கூட்டம் முழுவதும் அழகரைப் பற்றியே நடந்தது. அழகர் லினக்ஸில் எப்படி, விண்டோஸில் எப்படி, அன்ட்ரொயிட்டில் எப்படி என்று மூன்று நாடுகளும் விரிவாகப் பேசின. கடைசியில் பயனாளர் பிரதிநிதியின் பெறுமதியான பங்களிப்புக்கு ஒரு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள். லோகேஸ்வரனுக்கு முகம் சூடாகியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. தள்ளிவைத்த தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் டொக்டர் மஜீட் அழகரின் கட்டைத் தானே அவிழ்த்துப் பார்த்தார். பார்த்ததும் சொந்தக் காரிலேயே ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

ரஜனிதான் சொன்னாள். சொல்லிவிட்டு அவனைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு வீட்டுல அழுவுது. இனிமே மூட்டை தூக்க முடியாதாம்."

லோகேஸ்வரன் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்ட் வாசல்வரை போனான். கட்டிலில் ஒரு கால் வெள்ளைத் துணியில் குட்டையாகத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. முகம் தெரிவதற்கு முன்னால் திரும்பி வந்துவிட்டான். பிஸ்கட்டை வரும் வழியில் யாருக்கோ கொடுத்தான். அவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது. பேரவையும் ஒன்றும் செய்யாது, நன்றித் தீர்மானம் அல்லவா நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் அந்தக் காலைக் கட்டியிருக்க வேண்டிய கை தன்னுடையது என்பது அவனுக்குத் தெரியும். சோற்றைப் பிசையும்போதும் அது தெரிந்தது.

கடைசியில் பேச்சுவார்த்தை வெற்றி பெற்றது. எந்தப் பிள்ளையின் சொல்லையும் தட்ட முடியாது என்பதால், மூன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. இரண்டு திரைக்கு மூன்று முறைமை பொருந்தாது. எனவே மூன்றாவது திரை ஒன்று வாங்கப்பட்டது. ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் அன்ட்ரொயிட்.

பௌஸி தலையைச் சொறிந்தார். "மூணுலயும் மூணு விதமா நம்பர் போடுறீங்க சேர். ஒண்டோட ஒண்டு பேசிக்கொள்ளாதே."

"எங்கட ஆக்களும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறேல்லைத்தான்" என்றார் கதிர்காமநாதன். "எண்டாலும் ஒற்றுமையா இருக்கிறம்."

ஒரு நோயாளி உள்ளே போனால் லோகேஸ்வரன் மூன்று திரைக்கும் போய் மூன்று தடவை இலக்கத்தை மாற்ற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதுவரை இரண்டாவது திரையில் பழைய ஆளும் மூன்றாவது திரையில் அதற்கும் பழைய ஆளும் இருப்பார்கள். மூன்றுக்கும் ஒரே அந்தஸ்து என்பதால் எது சரி என்று சொல்வதற்குக் குழு மறுத்துவிட்டது.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. விழா என்பதால் அன்றைக்கு மருத்துவ நிலையம் மூடப்பட்டது. வாழைமரம் கட்டி, கதிரை போட்டு, மேடையில் மூன்று தொலைபேசிகளுக்குத் தனி மேசை வைத்திருந்தார்கள். நமசிவாயம் வந்ததும் சுற்றிப் பார்த்து, வெளியே முன்பு இருந்ததைவிட ஆட்கள் குறைவு என்று மகிழ்ச்சியோடு சொன்னார். நிற்க முடியாதவர்கள் வருவதையே விட்டுவிட்டார்கள் என்பது லோகேஸ்வரனுக்குத் தெரியும். தலைவர் தன் உரையில் அதை முதல் சாதனையாகச் சேர்த்துக்கொண்டார். திரை பொருத்திய செய்தி பரவியதுமே நெரிசல் குறைந்துவிட்டது என்றார்.

விழாவில் காட்டுவதற்காக இலக்கச் சீட்டுக் கொடுக்க லோகேஸ்வரன் காலையில் வந்தபோதே வாசலில் அழகர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். அவனைக் கண்டதும் சிரித்தார்.

"மொத நம்பர் எனக்குத்தானே தம்பி? இத்தன வருசத்துல நா மொத ஆளா வந்ததே இல்ல. இப்பதான் வேலக்கிப் போறதில்லையே, நேரத்தோட வந்துட்டேன்."

லோகேஸ்வரன் முதலாம் இலக்கச் சீட்டை அவரிடம் கொடுத்தான். இன்றைக்கு மருத்துவ நிலையம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அழகர் சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, விழா தொடங்கும்வரை பிடித்தபடியே இருந்தார்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அவருடைய கட்டுத்துணியில் ஈரம் ஊறியிருப்பதை லோகேஸ்வரன் கண்டான். ஆஸ்பத்திரியில், வீட்டுக்குப் பக்கத்தில் எங்கேயாவது கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். அவன் பின்கதவால் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனான். கட்டுப்போடும் அறையைத் திறந்தான். வாங்கில் உட்காரவைத்து, கீழே குந்தி, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். விரல்கள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, அந்த நாள்ல நா வந்திருக்கணும்."

"விடுங்க தம்பி. ஒங்களுக்கு எத்தன வேல" என்றார் அழகர். அவர் அதை மனசோடுதான் சொன்னார். அதுதான் லோகேஸ்வரனால் தாங்க முடியாமல் இருந்தது.

வெளியே ஒலிபெருக்கியில் இரத்தினம்மாவின் குரல் கேட்டது. அடுத்ததாகப் பயனாளர் பிரதிநிதி லோகேஸ்வரன் அவர்கள் சில வார்த்தைகள் பேசுவார்.

"ஒங்களத்தான் கூப்புடுறாங்க" என்றார் அழகர்.

"கூப்புடட்டும் அண்ணே."

அவன் போத்தலைத் திறந்து பஞ்சை நனைத்தான். இரண்டாம் தடவையும் பெயர் சொன்னார்கள். நமசிவாயம் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். காலைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்ச என்ன செய்யிறீர்? மூண்டு நாடும் லைனில நிக்குது. பிறகு கூட்டம் குழம்பினா ஆர் பொறுப்பு?"

லோகேஸ்வரன் பஞ்சும் கையுமாக அழகரைப் பார்த்தான். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"போய்ட்டு வாங்க தம்பி. எனக்கென்னா அவசரம், நா இருக்கேன்" என்றார் அழகர்.

லோகேஸ்வரன் காலை மடியிலிருந்து இறக்கி ஒரு கடதாசியின் மேல் வைத்தான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனான்.

நன்றாகப் பேசினான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இனிமேல் எங்கள் ஆட்கள் யாரும் காத்துக்கிடக்கத் தேவையில்லை என்று அவன் சொன்ன இடத்தில் பலத்த கைதட்டல் எழுந்தது. உள்ளே, அவிழ்த்த காலோடு இருந்த அழகரும் தட்டினார். அந்தச் சத்தம் மட்டும் லோகேஸ்வரனுக்குத் தனியாகக் கேட்டது.